தரிசில் பூக்கும் தும்பை

கோலார் தங்கவயல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் எண்ணம் நிலத்தின் அடியிலேயே செல்லும். அது இயல்புதான். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைக் கைக்கொண்டது முதல், 2001-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், ஏறத்தாழ 120 ஆண்டுக் காலம் இவ்வூரின் உழைப்பெல்லாம் கீழ்நோக்கியே சென்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அக்காலமெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளிவந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய மக்களின் பல தலைமுறைகள் அந்த இருளிலே பாடுபட்டன.

நிலத்தின் அடியில் இருப்பதை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நாம், அதன் மேலே இருப்பதை எவ்வளவு அறிவோம்? தங்கவயலைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளிலும், ஆவாரையும் களாவும் உடைவேலும் மண்டிய புதர்க்காடுகளிலும், மாரிக்குப்பத்து இருப்புப்பாதை ஓரத்திலும், மழைக்காலந்தோறும் தானே முளைத்துத் தானே மறையும் சிறு செடி ஒன்று உண்டு. யாரும் அதை விதைப்பதில்லை. யாரும் அதற்கு நீர் வார்ப்பதில்லை. அதுவே தும்பை. அதைப் பற்றியும், அது வளரும் நிலத்தைப் பற்றியும் சிறிது ஆராய்வோம்.

தும்பையை அறியாத தமிழர் இல்லை எனலாம். சலவை செய்த வேட்டியைத் 'தும்பைப் பூவைப் போல' என்று சொல்லும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. தங்கவயல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ஊர். அங்கே இச்செடிக்குத் தமிழில் தும்பை, கன்னடத்தில் தும்பெ, தெலுங்கில் தும்மி என்று பெயர். மலையாளத்திலும் தும்ப என்றே வழங்குகிறது. ஓணப் பண்டிகையின் பூக்கோலத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. நான்கு மொழியினரும் ஏறக்குறைய ஒரே சொல்லால் ஒரு செடியை அழைப்பது, அது இந்நிலத்துக்கு எவ்வளவு பழமையான உறவு என்பதைக் காட்டுகிறதன்றோ? வடமொழியாளர் துரோணபுஷ்பி என்றனர். துரோணம் என்பது ஒருவகைப் பாத்திரம். பூவின் கிண்ணம் போன்ற வடிவத்தை நோக்கி வைத்த பெயர் அது.

தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் லூக்காஸ் ஆஸ்பெரா என்பது. கிரேக்க மொழியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து முதற்பெயர் வந்தது. ஆஸ்பெரா என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சொரசொரப்பானது என்று பொருள். இலையைத் தடவிப் பார்த்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பெர்லின் நகரத்துத் தாவர நூல் அறிஞர் லிங்க் என்பார் 1822-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். துளசியும் திருநீற்றுப்பச்சையும் புதினாவும் சேர்ந்த குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. அக்குடும்பத்தின் அடையாளமாகிய நான்கு பட்டைத் தண்டு இதற்கும் உண்டு. செடி சாதாரணமாக ஒரு சாண் முதல் இரண்டு அடி வரையில் உயரும். இலைகள் குறுகி நீண்டு, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். தண்டின் நுனியிலும் கணுக்களிலும் பூக்கள் வட்டமாகச் செறிந்து தோன்றும்.

பூவின் அமைப்பு உற்றுநோக்கத் தக்கது. அது இரண்டு உதடுகளாகப் பிரிந்திருக்கிறது. மேலுதடு சிறியது, வெண்மையான மென்மயிர் போர்த்த முக்காடு போல வளைந்திருக்கும். கீழுதடு அகன்று நீண்டு, வாயிலில் இட்ட திண்ணை போல விரிந்திருக்கும். தேனை நாடி வரும் வண்டோ தேனீயோ அந்தத் திண்ணையின்மேல் வந்து அமர்கிறது. தலையைக் குழலுக்குள் நுழைக்கிறது. முக்காட்டின் அடியில் மறைந்து நிற்கும் நான்கு மகரந்தக் கேசரங்கள் அப்போது அதன் தலையிலும் முதுகிலும் தூளைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவுக்குச் சென்றதும் அத்தூள் அங்குள்ள சூலகமுடியில் படிகிறது. விருந்தினரின் முதுகிலேயே கடிதத்தை ஒட்டி அனுப்பும் இந்த ஏற்பாடு துளசிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றிலும் காணப்படுவது. பூவை மெல்ல உருவி அடிப்புறத்தைச் சப்பித் தேன் குடித்த அனுபவம் நம் கிராமத்துச் சிறுவர்களுக்கும் உண்டு. கருவுற்ற பூ உதிர்ந்தபின், புல்லிவட்டத்தின் அடியில் நான்கு சிறிய விதைகள் முற்றுகின்றன. காற்றும் மழையும் கால்நடையும் செடியை அசைக்கும்போது அவை ஒவ்வொன்றாக மண்ணில் சிந்துகின்றன.

இத்துணைச் சிறிய பூவுக்கு நம் முன்னோர் தந்த இடம் பெரிது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட மலர் வரிசையில் தும்பையும் இடம்பெறுகிறது. தொல்காப்பியம் புறத்திணைகள் ஏழனுள் ஒன்றுக்குத் தும்பை என்றே பெயரிட்டது. ஆநிரை கவர்தல் வெட்சி. மண் கொள்ளச் செல்லுதல் வஞ்சி. அரணை முற்றுதல் உழிஞை. தும்பையோ, வலிமையை நிலைநாட்டுவதையே பொருளாகக் கொண்டு இரு வேந்தர் எதிர்நின்று பொரும் போர். அப்போருக்குச் செல்லும் வீரர் தும்பை சூடினர் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பிற்காலத்தில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையிலும் தும்பைப் படலம் தனியே உண்டு. சிவபெருமான் சூடும் மலர்களுள் ஒன்றாகத் தேவாரப் பதிகங்கள் தும்பையைப் போற்றுகின்றன. பிள்ளையார் சதுர்த்தியன்று எருக்கம்பூவோடு தும்பையும் வைத்து வணங்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டாத மலர் ஆதலால், ஏழையின் வழிபாட்டுக்கும் அது எட்டுவதாயிற்று.

வீட்டு வைத்தியத்திலும் தும்பை பெயர் பெற்றது. ஜலதோஷத்துக்கு இதன் இலையைக் கொதிநீரில் இட்டு ஆவி பிடிப்பவர் பலர். அதனால் தீங்கில்லை. ஆனால் பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு போதும் என்னும் நம்பிக்கை மட்டும் உயிருக்கு ஆபத்தானது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. பாம்பு கடித்தவரை ஒரு கணமும் தாமதியாமல் விஷமுறிவு ஊசி கிடைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தும்பையைத் தேடிப் புதருக்குள் செல்லும் நேரம், நஞ்சுக்கு நாம் கொடுக்கும் அவகாசமாகும்.

இனி, தும்பையின் வாழ்க்கை முறைக்கு வருவோம். தாவரங்களுள் பல ஆண்டு வாழ்வன உண்டு. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, மடிவனவும் உண்டு. தும்பை இரண்டாம் வகையினது. கோலார்ப் பீடபூமி கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்றும் இங்கில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே மழை பெய்கிறது; அதிலும் பெரும்பங்கு புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கொட்டிவிடுகிறது. அதன்பின் நீண்ட வறட்சி. இத்தகைய நிலத்தில் மரங்கள் ஆழ வேர் விட்டுப் பிழைக்கின்றன. ஆவாரை தன் தடித்த அடிக்கட்டையால் பிழைக்கிறது. தும்பைக்கு அவ்வளவு ஆழமான வேரும் இல்லை. நீரைச் சேமிக்கும் தண்டும் இல்லை. அது கோடையை எதிர்த்து நிற்பதேயில்லை. கோடை வருமுன் தன் வாழ்வை முடித்துக்கொண்டு, விதை வடிவில் மண்ணுக்குள் புகுந்துவிடுகிறது.

ஆகவே, ஆண்டின் ஒரு பகுதியில் தும்பை நம் கண்ணுக்குத் தெரியாத செடி. சித்திரை மாதத்தில் ஒருவர் அந்த நிலத்தைக் கண்டால், வெடித்த மண்ணும் கல்லும்தான் தெரியும். அந்த மண்ணுக்குள்ளே வரும் ஆண்டின் காடு உறங்கிக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானிகள் இதனை மண்ணின் விதைச் சேமிப்பு என்று கூறுவர்.

அச்சேமிப்பிலிருந்து செலவு செய்வதிலும் ஒரு சிக்கனம் உண்டு. வறண்ட நிலத்து ஒருபருவச் செடிகள் பலவற்றில், முதல் மழைக்கே எல்லா விதைகளும் முளைத்துவிடுவதில்லை. முதல் மழை பெய்து பின் வானம் பொய்த்தால், முளைத்தவை யாவும் கருகிவிடுமல்லவா? எனவே ஒரு பங்கு முளைக்க, ஒரு பங்கு காத்திருக்கிறது. எத்தனை பங்கு காத்திருந்தால் இனம் பிழைக்கும் என்பதை டான் கோஹன் என்னும் அறிஞர் 1966-ஆம் ஆண்டில் கணித முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். கையிலுள்ள விதை நெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி விதைக்காத நம் மானாவாரிக் குடியானவர், கணிதம் இன்றியே இவ்வுண்மையை அறிந்திருந்தார்.

விதை எவ்வளவு காலம் காத்திருக்கும்? அமெரிக்காவில் மிச்சிகன் நாட்டு வேளாண்மைக் கல்லூரியில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்னும் பேராசிரியர், 1879-ஆம் ஆண்டில் விதைகளை மணலுடன் கலந்து 20 புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். குறித்த கால இடைவெளிகளில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து, விதைகள் முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்குப் பின் வந்தவர்கள் அதனைக் கைவிடாமல் காத்துவந்தனர். 2021-ஆம் ஆண்டில் எடுத்த புட்டியிலிருந்தும் வெர்பாஸ்கம் என்னும் செடியின் விதைகள் முளைத்தன. அவ்விதைகள் புதைக்கப்பட்ட பின்னரே ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாருக்கு வந்தனர். அவ்விதைகள் மண்ணில் உறங்கிய காலத்துக்குள் தங்கவயலில் சுரங்கங்கள் தோண்டப்பட்டு, பெருகி, மூடப்பட்டும்விட்டன. எல்லாச் செடிகளின் விதைகளுக்கும் இவ்வளவு ஆயுள் இல்லை என்பது மெய்யே. ஆயினும், வெறுமையாகத் தோன்றும் மண்ணை வெறுமை என்று துணிந்துவிடக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

கலிபோர்னியாவில் சப்பரல் என்று கூறப்படும் வறண்ட புதர்க்காடு உண்டு. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுதும் வறட்சி. அக்காட்டிலும் ஒருபருவக் காட்டுப்பூக்கள் இதே தந்திரத்தால்தான் வாழ்கின்றன. காட்டுத் தீயின் புகை பட்டபின்னரே உறக்கம் கலையும் விதைகளும் அவற்றுள் உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் அப்பூக்களைக் காண மக்கள் வெகுதூரம் பயணம் செய்து வருகிறார்கள். நம் தும்பையைக் காண யாரும் வண்டி பூட்டிக்கொண்டு போவதில்லை. அது வளரும் நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே அதற்கு ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அரசாங்கக் காகிதங்களில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் 'தரிசு'. ஆங்கிலத்தில் வீண் நிலம் என்னும் பொருள்பட வழங்கும் ஒரே சொல்லுக்கு நேராக இதனை எழுதிவருகிறோம். ஆனால் நம் குடியானவரின் நாவில் இதற்கு ஒரே சொல் இல்லை. உழாமல் விட்டது தரிசு. நெடுநாள் உழாமல் இறுகியது கரம்பு. உப்புப் பூத்தது களர். சரளைக்கல் பரந்தது முரம்பு. மாடு கூடுமிடம் மந்தைவெளி. தீர்வைக் கணக்குக்குப் புறம்பானது புறம்போக்கு. கோலார்ப் பக்கத்துக் கன்னடத்தில் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்துக்குக் கோமாளம் என்று பெயர். இத்தனை வேறுபாடுகளையும் ஒரு சொல் விழுங்கிவிட்டது.

இதன் விளைவு சொல்லோடு நிற்கவில்லை. மத்திய அரசாங்கத்தின் நிலவளத் துறை, ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து, தரிசு நிலங்களின் வரைபடத் தொகுதியை 2000-ஆம் ஆண்டு முதல் பலமுறை வெளியிட்டிருக்கிறது. 2019-இலும் ஒரு பதிப்பு வந்தது. அதில் அடர்ந்த புதர் நிலம், திறந்த புதர் நிலம் ஆகியவை தரிசின் வகைகளாக எண்ணப்பட்டுள்ளன. சுரங்கக் கழிவால் பாழான நிலமும் அதே பட்டியலில் ஒரு வகை. தங்கவயலில் இவ்விரண்டும் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு மழைக்காலத்தில் சென்று பார்த்தால் விளங்கிவிடும்.

ஊரார் சயனைடு மேடு என்று அழைக்கும் கழிவுக் குன்றுகளைத் தங்கவயலுக்கு வந்தவர் யாவரும் கண்டிருப்பர். சுரங்கத்திலிருந்து எடுத்த பாறையை மாவாக இடித்து, சயனைடுக் கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய தூளைக் கொட்டிக் குவித்ததால் எழுந்தவை அவை. அவற்றின் மொத்த எடை 3 கோடி டன்னுக்கும் அதிகம். கோடைக் காற்று வீசும்போது அத்தூள் குடியிருப்புகளின்மேல் படிந்து மக்களை வருத்திவந்திருக்கிறது. அம்மேடுகளிலும் மழை பெய்கிறது; ஆயினும் எளிதில் பசுமை படர்வதில்லை. ஏனெனில் அது மண் அன்று, பாறைத் தூள். மண் என்பதோ பாறைத் தூளும், மட்கிய இலைதழையும், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும், புழுக்களும், பூஞ்சை இழைகளும், விதைகளும் சேர்ந்த கூட்டுக் குடும்பம். அது உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. மேட்டின் தூளில் அக்குடும்பமும் இல்லை. சென்ற ஆண்டின் விதையும் இல்லை. அதற்குச் சில அடி தொலைவில், புதரடியில் உள்ள மண்ணிலோ தும்பை பூத்துக் குலுங்குகிறது. முன்னது உண்மையான வெறுமை. பின்னது வெறுமை போலத் தோன்றும் நிறைவு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும்போது, நிறைந்த நிலத்தையும் வெறும் நிலமாக எண்ணி அழித்துவிட இடமேற்படுகிறது.

இது வெறும் அச்சமன்று. கோலார் வட்டாரத்தில் தரிசு என்று எழுதப்பட்ட எத்தனையோ நிலங்களில் தைலமரங்கள் நடப்பட்டன. இந்த அயல்நாட்டு மரத்தைத் திப்பு சுல்தான் 1790-ஆம் ஆண்டையொட்டி நந்தி மலைத் தோட்டத்தில் முதன்முதல் நட்டார் என்பர். அலங்காரத்துக்கு வந்த மரம் பிற்காலத்தில் பெருந்தோப்புகளாகப் பரவியது. அதன் சருகு குவிந்த இடத்தில் சிறு செடிகள் தழைப்பது அரிது. நிலத்தடி நீரைக் கருதி, 2017-ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கம் தைலமரத்தைப் புதிதாக நடுவதைத் தடை செய்தது. நீருக்காகச் செய்த அத்தடையால் தும்பைக்கும் நன்மையே.

மற்றொரு பகை பார்த்தீனியம். அதுவும் ஒருபருவச் செடியே. அதன் பூவும் வெண்மையே. ஆயினும் அது அமெரிக்க நாட்டிலிருந்து வந்தது. 1950-களின் நடுப்பகுதியில் பூனாவில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உண்டாக்கும். அதனை அடக்க மெக்ஸிகோவிலிருந்து ஒருவகை வண்டினத்தைக் கொணர்ந்து 1984-இல் பெங்களூரில் விட்டனர். காரட் இலையைப் போலப் பிளவுபட்ட இலையும், சிறு பொத்தான் போன்ற பூவும் பார்த்தீனியத்தின் அடையாளம். பிளவில்லாத குறுகிய இலையும், சதுரத் தண்டும், உதடு விரித்த பூவும் தும்பையின் அடையாளம். களை எடுப்பவர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நலம். வந்தேறிக்கும் மண்ணின் மைந்தனுக்கும் ஒரே தண்டனை விதிப்பது நீதியாகாது.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தங்கவயலின் 13 கழிவு மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசாங்கத்தின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகள் எந்நிலை அடைந்தாலும், என்றாவது ஒருநாள் அந்நிலத்தை மீண்டும் பசுமையாக்க வேண்டிய கடமை எஞ்சி நிற்கும். அப்போது விதைக்கு எங்கே செல்வது? அருகிலுள்ள புதர்க்காட்டுக்குத்தான் செல்ல வேண்டும். இந்த மண்ணையும், இந்த மழையையும், இந்த வறட்சியையும் பல்லாயிரம் ஆண்டுகள் பழகிய விதைகள் அங்கேதான் இருக்கின்றன. அவ்வங்கியை இன்றே மூடிவிட்டால், அன்று கடன் கேட்க இடமிராது.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்திலும், கோயில் வெளியிலும், வயல் வரப்பிலும் வளரும் தும்பையைப் பூத்திருக்கும்போதே செதுக்கி எறியாமல், மார்கழி, தை மாதங்களில் விதை சிந்தும் வரையில் விட்டுவைத்தால் போதும். ஒருபருவச் செடிக்கு அடுத்த ஆண்டு என்பது அதன் விதைதான். பூவோடு வெட்டினால் அவ்வாண்டின் வரவு முழுவதும் போய்விடும். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தால் மண்ணிலுள்ள சேமிப்பும் கரையும். பூஜைக்குப் பறிப்பவரும் செடியை வேரோடு பிடுங்காமல் பூவை மட்டும் கொய்யலாம். ஒரு நிலம் தரிசுதானா என்று முடிவு செய்யும் பொறுப்பிலுள்ளவர்கள், அதனைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் நேரில் கண்டபின் கையெழுத்திட்டால், எத்தனையோ சிற்றுயிர்கள் பிழைக்கும்.

நேயர்களே! நம் ஊருக்கு வெளியே, ஒன்றுக்கும் உதவாது என்று நாம் ஒதுக்கிய திடல் ஏதேனும் இருக்கும். வரும் ஐப்பசியில், இரண்டு மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்று பாருங்கள்; சற்றே குனிந்து பாருங்கள். அங்கே வளர்ந்திருப்பவற்றின் பெயர்களை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அப்பெயர்ப் பட்டியல் கையில் இருக்குமாயின், அந்நிலத்தைத் தரிசு என்று எழுத வருபவரிடம் நாம் காட்டுவதற்கு ஒரு சான்று இருக்கும்.